எட்டுக் காலடிகள்

இன்லண்ட் கடிதம். நீல மை, ஒரே சாய்வு.
அனுப்புநர்: இரா. கயற்கண்ணி,
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
கீழப்பனையடி, நீடாமங்கலம் வழி.

ஐயா,
'மதகுச் சாவி மர்மம்' ஏழு இதழும் படித்தேன்.
சாவியைத் திருடியவன் ஆடிப்பெருக்கு இரவில்
வாய்க்காலில் இறங்கி நடந்து போனான்,
மணலில் எட்டுக் காலடிகள், இடது குதிகாலில் வெட்டு
என்று எழுதியிருக்கிறீர்கள்.
ஆடிப் பதினெட்டில் எங்கள் வாய்க்காலில்
எனக்குக் கழுத்தளவு தண்ணீர் ஓடும்.
உங்கள் திருடன் என்ன உயரம்?

நான்காம் இதழில் அமாவாசை.
மூன்று நாள் கழித்து வைரவேலு
நிலா வெளிச்சத்தில் மணி பார்க்கிறார்.
வரப்பில் ஷூ போட்டு ஓடுகிறவன்
பத்தடியில் விழுவான், துரத்த ஆள் வேண்டாம்.
ரயில்வே கேட் அரைமணி நேரம் மூடிக்கிடந்து
போலீஸ் ஜீப் நின்றுபோனது மட்டும் உண்மை.
ஆகவே நீங்கள் எங்கள் ஊரைப் பார்த்தது
மன்னார்குடி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து,
கேட் திறக்கிற வரைக்கும்.

பதினாறு வருடமாக எழுதுகிறேன்.
எத்தனையோ கொள்ளைக்காரர்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்,
தாம்பரத்தில் ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து.
யாரும் என் திருடனின் உயரத்தைக் கேட்டதில்லை.
பூதக்கண்ணாடி முதல்முறையாக
என் பக்கம் திரும்பியிருந்தது.
அந்தப் பஸ்ஸில் நான் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தேன்.
ஜன்னல்தான்.

கடைசி அத்தியாயம் அச்சுக்குப் போகப் பதினொரு நாள்.
ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் ராத்திரி ரயிலேறினேன்.

அந்த வருடம் மேட்டூர் திறக்கவில்லை.
மூணாறு தலைப்பில் மூன்று ஆறும்
மூன்று மணல் சாலைகள்.
கீழப்பனையடிப் படித்துறையில்
போர் தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றி
அந்த ஈரத்துக்கு முன்னால்
பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
காதோலை கருகமணி மணலில் அப்படியே கிடந்தது,
அதை எடுத்துப் போக ஆற்றுக்கு வழியில்லை.

சந்தோஷப்பட்டேன்.
எழுதவே கூசுகிறது, ஆனால் பட்டேன்.
காட்டாமணக்கை விலக்கிக்கொண்டு
வாய்க்காலுக்குள் இறங்கினேன், ஷூவோடு.
ஒன்று, இரண்டு, எட்டு.
திரும்பி நின்று போட்டோ எடுத்தேன்.
அச்சாக விழுந்திருந்தது,
குதிகாலில் வெட்டுதான் பாக்கி.

மதகுக் கட்டையில் உட்கார்ந்து
பதில் எழுத ஆரம்பித்தேன்:
அன்புள்ள கயற்கண்ணி, இணைத்துள்ள படத்தைப் பார்.
முகவரிக்காகக் கடிதத்தை மறுபடி பிரித்தபோது
பசை ஒட்டும் மடிப்பின் உள்பக்கம்
எறும்பு எழுத்தில் இரண்டு வரி.

பி.கு. இந்த வருடம் தண்ணீர் வரவில்லை,
அதனால் கதை சரி என்று நீங்கள் சொல்லலாம்.
அப்படியானால் காய்ந்த வாய்க்காலின் மதகுச் சாவியை
ஒருவன் ஏன் திருட வேண்டும்?

தூரத்தில் ரயில் கூவியது.
கேட் மூடியிருப்பார்கள்.
ஷட்டரின் துருவில் ஒரு ஓணான்
தலையை ஆட்டிக்கொண்டிருந்தது,
எதற்கு என்று அதற்கும் தெரியாது.
என் திருடன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
வெறும் மணலில் நின்றிருந்தான்,
என்னையே பார்த்துக்கொண்டு.

தபால் ஆபீஸில் ஒரு கார்டு வாங்கி எழுதினேன்:
தெரியவில்லை. உனக்கு யார் மேல் சந்தேகம்?
அடியில் என் வீட்டு முகவரி.
அவள் வீடு நாலு தெரு தள்ளித்தான்.
போகத் தைரியமில்லை.

ஆசிரியர் தினமும் போன் செய்கிறார்.
விசாரணை நடக்கிறது சார் என்கிறேன்.
அவர் சிரிக்கவில்லை.

எட்டாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி:
லஸ்கர் மகன் மேல். காரணம் அடுத்த கடிதத்தில்.

மடிப்பின் உள்பக்கம் பார்த்தேன்.
பசையைக் கிழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.

இன்று பதினொன்றாம் நாள்.
தபால்காரர் சைக்கிள் இந்நேரம்
பிள்ளையார் கோயில் முக்கைத் திரும்பியிருக்க வேண்டும்.
வாசலில் நிற்கிறேன்,
அடுத்த இதழுக்குக் காத்திருக்கும் பையனைப் போல.