ஈரப்பதம்

சீட்டு விழுந்தது மாசியில்.
ஒரு லட்சத்து அறுபதாயிரம்.
கூரை ஒழுகாத வீட்டில் அப்படி ஒரு தொகை
யாரையும் கெடுத்துவிடும்.

கூத்தாநல்லூரில் நைனா முகம்மது
பாகம் பிரித்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.
சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த ஆம்ப்ளிஃபயர்,
எழுபத்தேழாம் வருஷத்து ஜப்பான்,
வெள்ளி முகம், பச்சை விளக்கு,
இரண்டு கையாலும் தூக்கினால்தான் அசைகிற கனம்.
முப்பத்தெட்டாயிரம்.
"வாப்பா இதுல செய்தி மட்டும்தான் கேட்டாங்க" என்றார்,
குறைவாக ஓடிய காரை விற்பவர் போல.

திருச்சி தில்லைநகரில் டெரன்ஸ்
கறுப்பாய் ஒன்றைக் காட்டினான்.
ஒரே ஒரு குமிழ். மற்றதெல்லாம் கைபேசியில்.
ஒன்றரை லட்சம்.
"பாடகி மூச்சு இழுக்கறது கேக்கும் சார்."
கேட்டது.
எச்சில் விழுங்கியதும் கேட்டது.
அது எனக்கு வேண்டுமா என்று தெரியாமலே
தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர்.
பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரமென்றால்
களத்தில் கொட்டிக் காயவைக்கச் சொல்வேன்.
மீட்டர் சொல்வதை எழுதுவேன்.
எதிரே நிற்பவர் ஒரு மணியைக் கடித்து
அந்தச் சத்தத்தை என் பக்கம் திருப்பிக் காட்டுவார்.
பல்லுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அந்தப் பழக்கத்தில்தான் இளவரசியிடம் சொன்னேன்:
பழையதன் குரலில் ஈரம் இருபத்திரண்டு,
புதியதில் பதினான்கு.
"அப்ப எது கொள்முதல் ஆகும்?" என்றாள்.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை
இரண்டும் எங்கள் கூடத்தில்.
ஒன்று குட்டியானையில்
யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது.
இன்னொன்று முன்பணம் கட்டி ஒரு நாள் கடனாக.
அதே ஸ்பீக்கர், அதே வயலின்.
கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டேன்.
மாற்றிவிடும் வேலை அவளுக்கு.

டக்.
"இது பழசு. கீழ்த்தந்தியில ஈரம் இருக்கு."
டக்.
"புதுசு. வில்லோட மயிரை எண்ணலாம்."
டக்.
"மறுபடி பழசு. பாரு, என்ன ஒரு இதம்,
மனுஷன் வாசிக்கிற மாதிரி..."

அடக்கிய சிரிப்பு ஒன்று மூக்குவழி வந்தது.
துண்டை அவிழ்த்தேன்.
அவள் எதையும் மாற்றவில்லை.
எவர்சில்வர் டம்ளரை
மூன்று முறை நகத்தால் தட்டியிருக்கிறாள்.
பச்சை விளக்கு எரியவில்லை.
பழையதன் பிளக் தரையில் கிடந்தது,
சொருகப்படாமலே.

என் ஈரம் முழுக்க அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து
வந்திருக்கிறது.
அல்லது எங்கிருந்து வந்ததோ.

திங்களன்று டெரன்ஸ் முன்பணத்தைத் திருப்பினான்.
பழையது நின்றுவிட்டது.
காது முடிவு செய்யவில்லை,
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் முடிவு செய்தது.
அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.
இப்போதும் ராத்திரி போட்டால்
கீழ்த்தந்தி நனைந்துதான் வருகிறது.
பொய்யென்று தெரியும்.
தெரிந்த பிறகும் நனைகிறது.

மறுவாரம் கலியமூர்த்தி டிராக்டரோடு வந்தார்,
எண்பது மூட்டை.
முதல் பிடிக்கு மீட்டர் 17.6.
அவர் ஒரு மணியை வாய்க்குக் கொண்டுபோனார்.
இருங்க, என்றேன்.
இன்னொரு பிடி.
16.8.
மூன்றாவது போடவில்லை.
கையை நீட்டி அந்த ஒரு மணியை வாங்கி
நானே கடித்தேன்.

கடக்கென்றதா, இல்லையா,
தூற்றும் இயந்திரத்தின் இரைச்சலில் கேட்கவில்லை.
அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு என்று எழுதினேன்.