எந்த நாளிலிருந்து

கடிதம் வந்த அன்று குன்னூரில் மழை.
தபால்காரர் உறையைச் சட்டைக்குள் செருகிக் கொண்டுவந்து
இலைக் கொட்டகையிலேயே என்னிடம் தந்துவிட்டார்.
தராசில் பெள்ளியம்மாவின் மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது.
பதினெட்டே கால். ஈரத்துக்கு இரண்டு கழிவு.
எழுதிவிட்டுத்தான் பிரித்தேன்.

முன்னாள் ஹவில்தார் ஹாலனுக்குச் செவித்திறன் குறைவு,
2019 மார்ச் பன்னிரண்டு முதல்.

செவ்வாய்க்கிழமை. எனக்கு நினைவிருக்கிறது.
ஊட்டி அலுவலகத்தில் மனுவோடு நின்றோம்.
எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார்.
வந்ததும் முத்திரையில் மூச்சை ஊதி
ஓங்கிக் குத்தினார்.
அந்தச் சத்தத்தில்தான் காது போயிற்று போலிருக்கிறது.
அதற்கு முந்தைய நிமிஷம் வரை
அவருக்கு எல்லாம் கேட்டது,
அரசாங்கக் கணக்கில்.

மூத்தவள் பிறந்த வருஷம் விடுப்பில் வந்தார்.
தொட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார்.
குழந்தை நீலம்பாரித்துக் கத்துகிறது.
கல் நெஞ்சக்காரன் என்றார்கள் என் தாய்வீட்டில்.
நானும் சொல்லியிருக்கிறேன்,
அவருக்குக் கேட்காமல்தான்.

பிறகு ஒரு விடியலில் தேயிலைக்குள் காட்டெருமை.
அவருக்குப் பின்னால், பத்தடி கூட இருக்காது.
மூச்சு விடுகிறது. செடி முறிகிறது.
மேல்பாத்தியிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன்.
அவர் கவாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்,
நிதானமாக, இருபுறமும்.
அது என்ன நினைத்ததோ
ஓடையைப் பார்த்து இறங்கிப் போயிற்று.
அந்தத் தேதியை நான் எங்கும் குறித்துவைக்கவில்லை.
எருமையிடமும் முத்திரை இல்லை.

வெலிங்டன் ஆஸ்பத்திரியில்
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்தார்கள்.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.
இவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.
பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ராத்திரியிலிருந்து
இவருக்குள் ஒரு விசில்,
இறக்கிவைக்க ஆளில்லாத வீட்டுக் குக்கர் மாதிரி.
ஒத்துழைப்பு இல்லை என்று ஒரு டாக்டர் எழுதினார்.
அடுத்தவர் பெண். கையைப் பிடித்துப் பார்த்தார்.
பணியால் நேர்ந்தது, முப்பது விழுக்காடு,
வாழ்நாள் முழுமைக்கும் என்று எழுதினார்.
முடிவைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.
தொடக்கத்துக்குத்தான் இத்தனை தகராறு.

கோத்தகிரி வக்கீல் சொன்னார்:
வழக்குப் போட்டால் மூன்று வருஷம் பின்னால் தள்ளிக் கேட்கலாம்.
அதற்கு முந்தியது போனது போனதுதான்.
இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை?
நான் என்ன சொல்ல?
கேட்கவில்லை,
அதனால் கேட்கவில்லை.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
கடிதத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன்.
பெள்ளியம்மா மூட்டையை அவிழ்த்துக் காட்டினாள்.
நேற்றே பறித்தது அக்கா,
லாரி வரவில்லை, வாடிவிட்டது,
நேற்று இருபதுக்கு மேல் இருந்தது.
சீட்டில் நேற்றுக்கு இடம் கிடையாது என்று
வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல
வாய் வரைக்கும் வந்தது.
இன்றைய தேதி, இன்றைய எடை.
ஒன்பது வருஷமாக நான் குத்தும் முத்திரை அது.

இரண்டை அடித்துவிட்டு
கழிவு ஒன்று என்று போட்டேன்.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் இலைச் சீட்டின் பின்புறம்
தேதியைப் பெரிதாக எழுதி அவரிடம் நீட்டினேன்.
விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.
"அன்னிக்கா?" என்றார்,
பக்கத்து லைனுக்கே கேட்கிற குரலில்.
"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஆகலையே.
சேரிங்கிராஸ்ல வர்க்கி வாங்கினோம்.
பஸ்ஸு அருவங்காடு வர்றதுக்குள்ள
நீயே தின்னு தீர்த்துட்டே."