பிரிவு 7.3

கிண்டி, நான்காம் மாடி.
ஏசியின் இரைச்சலுக்கு மேலே பேச வேண்டியிருந்தது.
பதினோரு தண்ணீர் பாட்டில்கள், ஒன்பது பேர்.
நான் குறிப்பெடுப்பவள்,
எண்ணிக்கையில் வராதவள்.

கேள்வி ஒன்றுதான்:
மணலியிலிருந்து கிளம்பும் எரிவாயுக் குழாய்
நொடிக்கொரு முறை சொல்லும் அழுத்தத்தை
எத்தனை நாள் வைத்துக்கொள்வது?

குழாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு.
நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு.
நாற்பத்தொன்பது புள்ளி ஒன்று.
வருடத்துக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சம் தடவை,
அதுவும் ஒரே ஒரு வால்வு.

தொண்ணூறு நாள், என்றார் சர்வருக்கு வாடகை கட்டுபவர்.
அதற்கு மேல் குப்பை.
மூன்று வருடம், என்றார் வக்கீல்,
அதற்கு மேல் வைத்திருந்தால்
நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.
டெல்லியிலிருந்து திரையில் வந்தவர்
கையை ஆட்டி ஆட்டி ம்யூட்டில் பேசினார்.
யாரும் அவரிடம் சொல்லவில்லை.

எஸ்தர் கனகவல்லி அரிப்புப் பிரிவு.
கூட்டங்களில் பேசி நான் பார்த்ததில்லை.
அன்று பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றிச் சொன்னார்:
குழாயை நாற்பது வருடத்துக்குப் புதைக்கிறோம்.
துரு அவசரப்படாது சார்.
வருடத்துக்குக் கால் மில்லிமீட்டர் தின்னும்.
தொண்ணூறு நாள் மட்டும் பார்க்கிற கண்ணுக்கு
அது பட்டினி கிடப்பது போலத்தான் தெரியும்.

பிறகு அந்த மழை இரவைச் சொன்னார்.
சாத்தங்காடு, லாரி பட்டறை.
வெல்டர் ஒருத்தர், பெயர் ஜமால் மொய்தீன்,
இலவச எண்ணுக்குக் கூப்பிட்டார்:
தேங்கின தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழி விடுது,
தொட்டால் சில்லுனு இருக்கு.
இந்தப் பக்கம் எழுதிக்கொண்டார்கள்: மழைநீர்.

ஆறு மாதம் கழித்துத் தோண்டியபோது
குழாயில் மிளகு அளவு ஓட்டை.
அந்த இரவின் அழுத்தத்தைத் தேடிப் போனார்கள்.
அந்த இரவின் மேல் வேறோர் இரவு எழுதப்பட்டிருந்தது.

யாரும் சாகவில்லை, என்றார் எஸ்தர்.
அதனால்தான் இங்கே யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் நிறுத்தி,
ஆனால் மொய்தீனின் போன் நம்பர் இருக்கிறது சார்.
விற்பனைப் பிரிவில் பத்திரமாக.
ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தி போகிறது அவருக்கு:
புதிய இணைப்புக்கு இன்றே பதியுங்கள்.

யாரோ சிரித்தார். பிறகு சிரித்ததற்காக இருமினார்.

வெஜிடபிள் பிரியாணி வந்தது.
அது ஆறுவதற்குள் ஐந்து வருடம் என்று முடிந்தது,
எந்தக் கணக்கில் ஐந்து என்று நான் கேட்கக்கூடாது.
நொடிக்கொன்று வேண்டாம், நிமிடத்துக்கொன்று போதும்,
என்று அடைப்புக்குள் சேர்த்தார்கள்.
எஸ்தர் தயிர்ப் பச்சடியை மட்டும் சாப்பிட்டார்.

கிளம்பும்போது தலைவர் என் மேசையருகே குனிந்தார்:
அந்தப் பட்டறைக் கதை மினிட்ஸில் வேண்டாம்மா.
தேர்ந்தெடுத்தேன், பதினேழு வரி.
நிச்சயமாக நீக்கவா, என்று கேட்டது கணினி.
நாள் முழுக்க அந்த அறையில்
என் சம்மதத்தைக் கேட்டது அது ஒன்றுதான்.

ஆம், என்றேன்.
சம்பளம் அதற்குத்தான்.

மெட்ரோவில் விம்கோ நகர் வரை நின்றுகொண்டே வந்தேன்.
வெளியே தூறல்.
ஷேர் ஆட்டோ திரும்பும் முனையில் மஞ்சள் கல்:
எரிவாயு. தோண்டாதீர்.
இத்தனை வருடம் அதில் சாய்ந்துதான் ஆட்டோவுக்குக் காத்திருந்தேன்.
இன்று சாயவில்லை.
அடியில் குட்டை. குட்டையில் தூறல்.
எது மழைப் புள்ளி, எது குமிழி
என்று குடையைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன்.
தெரியவில்லை.
ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

கல்லில் இருந்த எண்ணை அழுத்தினேன்.
தரத்தை உயர்த்தும் பொருட்டு
உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படலாம்,
என்றது ஒரு பெண் குரல், மிக இனிமையாக.

எத்தனை நாளுக்கு, என்று கேட்டேன்.

வீணை வாசித்தார்கள்.