பன்னிரண்டு அலகு

ப்ர்னோ நகரில், டிராம் திரும்புகிற வளைவுக்கு நேர்மேலே
எங்கள் அறை.
ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஜன்னல் அதிரும்,
திரையில் நிற்கும் எழுத்தும் கொஞ்சம் நடுங்கும்.
"இப்போது எதையும் முடிவு பண்ணாதே" என்பாள் ஓட்டிலியா.
சக்கரத்தின் கிறீச்சல் அடங்கும்வரை
கையைக் கட்டிக்கொண்டு இருப்போம்.

அவள் வரைவாள். நான் இடைவெளி வைப்பேன்.
பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு:
கறுப்பு அவளுடையது, வெள்ளை என்னுடையது.

நகரசபை கேட்டது குஞ்சம் இல்லாத எழுத்து.
நுனியில் வால் கூடாது, அடியில் பாதம் கூடாது,
பார்த்தால் நேர்மையாக இருக்கவேண்டும்
என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள்,
குஞ்சம் வைத்த எழுத்தில்.

நேர்மையைப் பற்றி என்னைக் கேளுங்கள்.
ஓ என்னும் எழுத்தை மற்றவற்றின் உயரத்துக்கே வரைந்தால்
பட்டினி கிடந்ததுபோல் குறுகித் தெரியும்.
அதனால் மேலே பன்னிரண்டு அலகு,
கீழே பன்னிரண்டு அலகு
கோட்டைத் தாண்டவிடுகிறோம்.
ஆயிரத்தில் பன்னிரண்டு; யாருக்கும் தெரியாது.
டீயின் குறுக்குக்கட்டை தூணைவிட மெலிவு.
சமமாக விட்டால் தடித்த புருவமாகத் தொங்கும்.
எக்ஸின் ஒரு கையை ஒடித்து
நூலளவு தள்ளி ஒட்டியிருக்கிறாள்,
நேராகத் தெரியவேண்டும் என்று.
ஒரு வெள்ளந்தி முகத்துக்கு
இத்தனை பொய் பிடிக்கிறது.

ஆர் தலையில் உட்காரும் எங்கள் ஊர்க் கொக்கிக்கு
முழுக் குளிர்காலம் செலவானது.
வெளியூர்க்காரர்கள் வரைந்தால் அது
எழுத்தின் மேல் சுற்றுகிற கொசு என்பாள்.
இவளுடையது வந்து உட்கார்ந்த காக்கை.
கிளை தாழ்வது தெரியும்.

என் குளிர்காலம் வேறு.
ஆரும் என்னும் ஒட்டி நின்றால் எம் ஆகிவிடும்.
மருத்துவமனைக்குச் சோதனைச் சீட்டு எடுத்துப்போனோம்.
இரவுப் பணி செவிலி யார்மிலா
கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
மருந்துப் பெட்டியைக் கைநீளத்துக்குப் பிடித்து
வேறொரு மருந்தின் பெயரைப் படித்தாள்.
"மூன்று மணிக்கு என் கண் இவ்வளவுதான்."
வீட்டுக்கு வந்து அந்த இரண்டுக்கும் நடுவே
ஆறு அலகு காற்று வைத்தேன்.
நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று
சில நாள் தோன்றும்.

ஆற்றின் பெயரையே வைத்தோம்: ஸ்விதவா.
பிறகு அது எங்களைக் கேட்காமல் ஓடியது.
டிராம் நிறுத்தத்தில், தயிர்க் கிண்ண மூடியில்,
நீச்சல் குளத்தின் ஆழ எண்ணில்,
நாய்க்கு அனுமதியில்லாத புல்வெளியில்,
சுடுகாட்டு வாசலின் நேர அட்டவணையில்.
தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிகளும்
எங்கள் தடித்த எழுத்தில்தான்
ஒன்றையொன்று திட்டிக்கொண்டன.
உரிமத் தொகை இரண்டு பேரிடமிருந்தும் வந்தது.
வாங்கிக்கொண்டோம்.

மார்ச்சில் ஒரு கடிதம்.
கட்டடம் கைமாறிவிட்டது,
ஜூன் 30-க்குள் அறையைக் காலிசெய்யவும்.
நடுத்தர எடை, பத்துப் புள்ளி, ஸ்விதவா.

ஓட்டிலியா அதைப் படிக்கவில்லை, பார்த்தாள்.
"தேதியைப் பார்" என்றேன்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
மூன்றின் வாயை அகலத் திறந்துவைத்தது அவளேதான்,
மங்கிய வெளிச்சத்திலும், மழையிலும்,
எந்தக் கிழவனும் எட்டு என்று படித்துவிடாதபடி.
முப்பது முப்பதாகவே நின்றது.
தப்பாகப் புரிந்துகொள்ள
ஒரு சந்துகூட விட்டுவைக்கவில்லை நாங்கள்.

டிராம் திரும்பியது. காகிதம் அவள் கையில் நடுங்கியது,
அல்லது கைதானோ.
காத்திருந்தோம்.

கிறீச்சல் அடங்கியதும் பென்சிலை எடுத்தாள்.
இரண்டாம் வரியில், டீக்கும் ஓவுக்கும் நடுவே
சின்னதாக ஒரு கோடு போட்டாள்.
"இங்கே விரிந்திருக்கிறது. இது உன் தப்பு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஆமாம்,
விரிந்துதான் இருந்தது.