காற்றுக்கு எத்தனை மில்லிகிராம்

தீர்வையில்லாக் கடைத்தெருவில்
ஆறு மாதத் தவணைக்கு வாங்கினேன்.
மெமரி கார்டு தனி என்று
கடைக்கார எலியசேர் சொல்ல மறந்தான்,
அல்லது மறக்கப் பழகியிருந்தான்.
மறுபடி பேருந்து, மறுபடி வரிசை.

முதல் படம் முழுக் கறுப்பு.
இரண்டாவதும்.
லென்ஸ் மூடியைக் கழற்று என்று
நிபால்தோ சொல்லவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான்.
கூடத்துக் கண்ணாடியில்
கண் பொத்திய கேமராவோடு ஒருத்தி நின்றாள்,
அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கையேடெங்கும் எண்கள்.
இருபது வருடமாய் மருந்துக்கடையில் நிற்பவளுக்கு
எண்கள் என்ன பயம்?
ஐஎஸ்ஓ நூறு, இருநூறு, நானூறு.
மில்லிகிராம்தானே!
கூட்டிக் கொடுத்தால் இருட்டு இறங்கும்,
பக்கவிளைவாக
முகமெல்லாம் மணல்மணலாய்ப் பொரியும்.
துளையின் எண்தான் கிறுக்கு.
எண் சிறுத்தால் வாய் பெருக்குமாம்.
இப்படியொரு மருந்துச்சீட்டு வந்தால்
டாக்டரையே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

ஞாயிறு காலை தெருவில் இறங்கினேன்.
புந்தா அரேனாஸில் காற்று விருந்தாளி இல்லை,
வாடகை தராத குடித்தனக்காரன்.
வசந்தம் வந்தால் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர்கள் பிடித்துக்கொண்டு கடக்க.

படம் கலங்கிவிடுமோ என்று
ஷட்டரை நாலாயிரத்தில் ஒன்றுக்கு ஏற்றிவைத்தேன்.
ஒரு கையில் ரொட்டிப்பை, ஒரு கையில் கயிறு,
பெலார்மினோ வந்தார்.
தொப்பி பறந்தது.
சடக்.

திரையில்
ஆணியில் மாட்டியதுபோல் தொப்பி, வானத்தில்.
கயிற்றைச் சும்மா தொட்டுக்கொண்டு
யாருக்கோ காத்திருக்கிறார் பெலார்மினோ.
டோஸ் அதிகம்.
காற்று செத்துப்போயிருந்தது.

வங்கிச் சுவரில் முதுகைச் சாய்த்தேன்,
முழங்கைகளை விலாவோடு இறுக்கினேன்.
துளையைக் கடைசி எண்வரை சுருக்கி
ஷட்டரைப் படிப்படியாக இறக்கினேன்
(மருந்தை நிறுத்தும்போது அவசரம் கூடாது)
ஐந்நூறு, நூற்றிருபத்தைந்து, முப்பது,
எட்டு.

எட்டில் ஒரு விநாடியில்
மாடிக்கொடிச் சட்டையின் சிவப்பு
பக்கத்துச் சட்டை மஞ்சளில் ஒழுகியது.
ஒற்றைக் கயிறு ஏழெட்டானது.
ஒரு பெண்ணின் பாவாடை
அவளை விட்டுவிட்டு முன்னே போனது.
விளக்குக் கம்பம் மட்டும்
கம்பமாய் நின்றது.

இக்கீக்கேயிலிருந்து மகள் எழுதினாள்:
கை நடுங்கிவிட்டதா அம்மா?
கம்பத்தைப் பார், என்று எழுதினேன்.
அதற்குப் பதில் இல்லை.

முப்பது வருடம் நண்டுப் படகில் போன நிபால்தோ
படங்கள் பார்க்கிற ஆள் இல்லை.
இதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்
சமையலறை ஜன்னலின் தாழ்ப்பாளை
இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

லென்ஸ் மூடி?
சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன்.
இந்நேரம் நீரிணையில்
நீர்க்காகங்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கும்.
நாளை எலியசேரிடம் போகவேண்டும்.
மூன்றாய் வாங்கிக்கொள்வது நல்லது.