ஆணிக் கணக்கு

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு
கடச்சனேந்தல் தாண்டி இறங்கினோம், ஏழு பேர்.
ஆணி பிடுங்கும் சுத்தியல் மூன்று, குறடு ஒன்று, உளி ஒன்று,
வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்த பெயிண்ட் டப்பா.
சங்கத்தின் பெயர் போட்ட பச்சைச் சட்டை
ஆறுதான் வந்திருந்தது.
எனக்கு வேண்டாமென்று நான்தான் சொன்னேன்.

அழகர்கோயில் ரோட்டுப் புளியமரங்களுக்கு
நெடுஞ்சாலைத்துறை வெள்ளையடித்து எண் போட்டிருக்கிறது.
அந்த எண்தான் எங்களுக்கு முகவரி.
ஜெரினா நோட்டில் எழுதுவாள்:
மரம் முப்பத்தொன்று, ஆணி பதினாலு.
மரம் முப்பத்திரண்டு, ஆணி ஒன்பது, கம்பி ஒரு முழம்.
எடுத்தவர் பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு.
பல் ஆஸ்பத்திரி, போர்வெல், இந்தி டியூஷன்,
மூலத்துக்கு ஒரே நாளில் தீர்வு.

ஆணி சும்மா வராது.
தலையை மரம் முழுங்கியிருக்கும்,
பட்டை உதடு மாதிரி மூடியிருக்கும்.
உளியால் உதட்டை விலக்கி
சுத்தியலின் கவட்டையைக் கொடுத்து
கீழே துண்டுப் பலகை வைத்து நெம்பினால்
கீச்சென்று ஒரு சத்தம்.
மரம் அழுகிறது என்பான் ரெங்காராம்.
அது இரும்பின் சத்தம். எனக்குத் தெரியும்.
உள்ளே போகும்போது அது இப்படிக் கத்துவதில்லை.

எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.
பதினோரு வருஷம் பலகை அடித்த கை இது.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஏணியைக் குறுக்கே கட்டி
புதூரிலிருந்து அப்பன் திருப்பதி வரை.
பலகைக்கு நாலு ரூபாய், ஆணி முதலாளி செலவு.
மூலைக்கு ஒன்றாக நாலு போதும்.
காற்றுக்குப் பயந்து நான் ஆறு அடிப்பேன்.
மேல் வரிசையில் அந்தக் கூடுதல் இரண்டைப் பார்த்தால்
என் கையெழுத்தை நானே பார்ப்பது போலிருக்கும்.

நாற்பத்து மூன்றாம் மரத்தில்
சோனைமுத்து அண்ணன் கை நின்றது.
பலகை இல்லை, கம்பி இல்லை.
ஆள் உயரத்தில் ஒற்றை ஆணி, பழைய சதுர ஆணி.
அதில் சுற்றி ஒரு கொத்து முடி.
இன்னும் கறுப்பாக.

தூக்குச்சட்டியில் டீ கொண்டுவந்த ஒச்சம்மா
பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள்.
"தொடாதீக அதை. எவளோ ஒருத்தியப் பிடிச்சத
இறக்கி அடிச்சிருக்கு. பிடுங்குனா யார் மேல ஏறும்?"
"ஆணின்னா எல்லாம் ஆணிதான்" என்ற ரெங்காராம்
சுத்தியலைக் கீழே வைத்திருந்தான்.
அண்ணன் கண்டக்டராக இருந்தவர், எதற்கும் விதி பார்ப்பார்.
நெகிழி, தட்டி, கம்பி, கொடிக்கயிறு வரை உண்டு.
இதற்கு இல்லை.
ஜெரினா மட்டும் கேட்டாள்,
"யாரோட முடி அது?"

ஒரு மணல் லாரி போனது. டீ ஆறியது.
பிறகு அவளே எழுதினாள்:
மரம் நாற்பத்து மூன்று, ஆணி ஒன்று. விடப்பட்டது.

அன்றைக்கு எடுத்தது ஆறு கிலோ நானூறு.
பழைய இரும்புக் கடையில் கொடுத்த காசு
எண்ணெய்க்குக் காணவில்லை.
மீதியை அண்ணன் போட்டார்.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் போனேன்.
நாற்பத்து மூன்றில் ஆணி இல்லை.
துளை அடைத்திருந்தது.
எங்கள் குழம்பு இல்லை, அது கருத்துப்போயிருக்கும்.
இது வெளிர் மஞ்சள்,
முகத்துக்குப் பூசுகிற கஸ்தூரி மஞ்சள், வாசம்கூடப் போகவில்லை.
நடுவில் விரல் அழுத்திய தடம்.
சின்ன விரல்.

"என்னண்ணே எழுத?" என்றாள் ஜெரினா.
விடப்பட்டது என்பதை அடிக்கச் சொன்னேன்.
எடுத்தவர் பெயர்க் கட்டத்தில்
பேனாவை வைத்துவிட்டு
எடுத்துக்கொண்டாள். ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தது.

நாற்பத்து நாலில் பாதி உடைந்த பலகை,
எழுத்தெல்லாம் வெயில் தின்றது.
ஆணி ஆறு.
ரெங்காராம் உளியை வைக்கப் போனான்.
"தள்ளிக்கப்பா" என்றேன்,
"இது நான் எடுக்கிறேன்."