விதைத் தோல்

லான்ஜோவில் அன்று பனி. பேருந்து நின்றுபோய்
ஆசிரியை வரவில்லை.
நான் மழலைப் பள்ளியின் சமையல்காரன்.
மாவு காயாத கையோடு
இருபத்தொரு பிள்ளைகளுக்கு முன்னால்
கதை சொல் என்று உட்கார்த்திவிட்டார்கள்.

வெளிநாட்டுக் கதை. காட்டில் விடப்பட்ட
அண்ணனும் தங்கையும்.
கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள்.

"வழி மறக்காமலிருக்க
ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போனார்கள்."
எந்த ரொட்டி என்றாள் ஷு மன்யின்.
நாம் ஆவியில் வேகவைக்கும் மான்டோ மாதிரி என்றேன்.
"அதைக் குருவி தின்னுடுமே!
தர்பூசணி விதையைக் கொறிச்சுத்
தோலைத் துப்பிக்கிட்டே போகலாமில்ல?
தோலை எந்தக் குருவியும் சீந்தாது."

சரி என்று சொன்னது என் தப்பு.
தோலைப் பார்த்துப் பார்த்து இருவரும்
இருட்டுமுன் வீடு திரும்பிவிட்டார்கள்.
கதை முடிந்தது. மணி இரண்டேகால்.

அட்டையில் மிட்டாய் வீட்டைப் பார்த்த கூட்டம் விடுமா?
ஒரே அழுகை. ஒருவன் செருப்பை எறிந்தான்.
வேறு வழியில்லாமல்
கோபிப் பாலையின் புழுதிக்காற்றைக் கூப்பிட்டேன்.
வந்தது. தோலையெல்லாம் வாரி
மஞ்சள் ஆற்றில் கொட்டிவிட்டுப் போனது.

பிறகு வீடு கட்டினோம்.
எள்ளுமிட்டாய்ச் செங்கல்.
மாவு பூத்த உலர்ந்த பெர்சிமன், ஓடு ஓடாய்.
சன்னலுக்குச் சர்க்கரைப் பாகுக் கண்ணாடி.
வாசலில் சிவப்புத் தாளில் நற்பேறு என்று எழுதித்
தலைகீழாய் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன்.

கதவைத் திறந்த சூனியக்காரி
"சாப்பிட்டாச்சா?" என்றாள்.
அப்படிக் கேட்கிறவள் பிள்ளைகளைத் தின்னமாட்டாள்
என்று தீர்ப்பாயிற்று.
அடுப்பில் தள்ள ஆளில்லை.
மூங்கில் கூடையில் பாவோ வெந்தது.

அப்போது சன்னலோரக் கட்டிலிலிருந்து
அதுவரை வாய் திறக்காத ஃபூ யுவான்ஷுவோ:
"அப்பா அம்மா ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

பதில் முதல் பக்கத்திலேயே இருந்தது.
நான் படிக்கவில்லை.
"வேலைக்கு" என்றேன்.
ஷென்ஜெனுக்கா என்றான்.
"அந்தப் பக்கந்தான்."
எப்போ வருவாங்க?
இல்லாத பக்கங்களைப் புரட்டினேன்.
"வசந்த விழாவுக்கு. டிக்கெட் கிடைச்சா."
தலையாட்டினான்.
டிக்கெட் சமாசாரம் அவனுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் பெருக்கும்போது
வாசற்படியில் ஒரு தோல்.
நடையில் இரண்டு.
குழாயடியைச் சுற்றி வளைந்து
சன்னலோரக் கட்டில்வரை
கறுப்புக் கறுப்பாய்.

துடைப்பத்தை ஒதுக்கி ஒதுக்கிப் பெருக்கினேன்.
கதவிடுக்கில் காற்று வந்தது.
கைப்பிடித் துணியைச் சுருட்டி
அடைத்துவிட்டு வந்தேன்.